வவுனியாவா, கிளிநொச்சியா? ஒரு செமஸ்டர் படிக்க வன்னிக்கு வருகிறவருக்கு

வெளிநாட்டிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்கவோ, ஆய்வுக்காக நாலைந்து மாதம் தங்கவோ இலங்கையின் வடக்கில் இருக்கும் வன்னிக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது எங்கே தங்குவது என்பதைத்தான். வவுனியாவா, கிளிநொச்சியா? வரைபடத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஏ9 வீதியில், ஏறக்குறைய 80 கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து வடக்கே போகும் ரெயின் இரண்டிலும் நிற்கும். இரண்டிலும் பல்கலைக்கழகம் உண்டு, வங்கி உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் எந்த ஊரில் படுத்தெழும்பினீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பார்க்கும் வன்னி வேறாகிவிடும்.

வவுனியாவில் படித்து, இப்போது கிளிநொச்சியில் இருப்பவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடக்கையும் வடமத்தியையும் சுற்றிப் பார்க்க ஒரு தங்குமிடம் வேண்டுமென்றால் வவுனியா. வன்னி மண்ணையும் அதன் சனத்தையும் அறிய வேண்டுமென்றால் கிளிநொச்சி. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் கிளிநொச்சியை எடுங்கள். ஏன் என்பதற்கு முன், உங்கள் கையில் இல்லாத ஒரு விஷயத்தைப் பார்ப்போம்.

பாதி முடிவைப் பல்கலைக்கழகமே எடுத்துவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் கிளிநொச்சிக்குத் தெற்கே அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்து, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது அது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என்று மூன்று பீடங்கள். ஆக, பயிர், மண், நீர்ப்பாசனம், கட்டுமானம் என்றால் கிளிநொச்சி. கணினி, கணிதம், வியாபாரம் என்றால் வவுனியா. சமூகவியலோ வரலாறோ படித்துக்கொண்டு களஆய்வுக்கு மட்டும் வருகிறவருக்குத்தான் முழுச் சுதந்திரம். கீழே சொல்பவை அவருக்கே அதிகம் பொருந்தும். மற்றவர்களுக்கும் வார இறுதிகள் இருக்கின்றனவே.

வவுனியா: நாலு பக்கமும் வழி

வவுனியாவின் பெரிய பலம் அதன் சந்திகள். வடக்கே ஏ9 யாழ்ப்பாணத்துக்கும், தெற்கே அதே வீதி கண்டிக்கும் போகிறது. மேற்கே மன்னார் வீதி, கிழக்கே ஹொறவப்பொத்தானை வீதி. காலையில் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றால், எந்தத் திசைக்கு மனம் வருகிறதோ அந்தத் திசைக்கு ஏறலாம். அநுராதபுரம் 60 கிலோமீற்றருக்குள். காலையில் போய், பழைய நகரத்தையும் குளங்களையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அறைக்கு வந்துவிடலாம். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதைச் செய்தால் நாள் முழுக்க பஸ்ஸிலேயே போய்விடும்.

மன்னார்ப் பக்கம் பார்க்க ஆசை இருந்தால் வவுனியாவை விட்டால் வேறு வழி இல்லை என்றே சொல்வேன். பம்பைமடு கம்பஸ் வாசலால்தான் மன்னார் பஸ் போகிறது. செட்டிகுளம் தாண்டிப் பறையனாலங்குளத்தில் பெருவீதியில் ஏறினால், கொஞ்சத் தூரத்தில் மடு வீதிச் சந்தி. ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் வழிபாட்டிடம்தான் இன்றைய மடுத் திருப்பதி. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து சனம் வரும், தமிழரும் சிங்களவரும். குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டு நாட்கணக்கில் தங்குவார்கள். கூட்டம் பிடிக்காதவர் ஒரு சாதாரணக் கிழமை நாளில் போகலாம். மரநிழலும் மணல் முற்றமும் அமைதியும் கிடைக்கும்.

அதே வீதியில் இன்னும் போனால் கட்டுக்கரைக்குளம், திருக்கேதீஸ்வரம், பிறகு பாலம் தாண்டி மன்னார்த் தீவு. போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டை, பள்ளிமுனையில் பருத்துக் கொழுத்த அடிமரத்தோடு நிற்கும் பெருக்குமரம், வீதியில் தம்பாட்டுக்கு நடக்கும் கழுதைகள். மாரிக்குப் பிறகு போகிறவர் வங்காலைப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தலைமன்னாருக்கு ரெயின் இருக்கிறதென்று கேள்விப்பட்டு வவுனியா ஸ்டேசனில் போய் நிற்க வேண்டாம். அந்தத் தண்டவாளம் மதவாச்சியில் பிரிகிறது. வவுனியாவிலிருந்து மன்னாருக்கு பஸ்தான்.

ஊருக்குள்ளும் பார்க்க இருக்கிறது. ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் சிலை, சின்னத் தொல்பொருள் அருங்காட்சியகம், மாலையில் காற்று வாங்க வவுனியாக் குளக்கட்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைவீதியில் வியாபாரம் செய்யும் ஊர் இது. ஒரு கடையில் இட்லி, அடுத்த கடையில் கொத்து ரொட்டி, அதற்கடுத்ததில் சிங்களவரின் பால்சோறான கிரிபத். சிங்களம் கொஞ்சம் பழக விரும்பும் தமிழ் மாணவருக்கும், தமிழ் பழக விரும்பும் வெளிநாட்டவருக்கும் இதைவிட நல்ல இடம் வடக்கில் கிடையாது.

சரி, குறை என்ன? வவுனியா வந்து போகிறவர்களின் ஊர். எல்லாரும் எங்கோ போகிற வழியில் நிற்கிறார்கள். நகரத்தில் சத்தமும் நெரிசலும் உண்டு. கம்பஸ் நகரத்துக்கு வெளியே இருப்பதால் மாணவ வாழ்க்கை பம்பைமடுவிலும் கடைத்தெரு வாழ்க்கை நகரத்திலும் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வார இறுதி வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகளும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்களும் ஊரை விட்டுப் புறப்படுவீர்கள். நாலு மாதத்தில் பத்து இடம் பார்த்திருப்பீர்கள், ஆனால் நீங்கள் தங்கிய தெருவில் மூன்று வீட்டுக்காரரைக்கூடத் தெரியாமல் திரும்பக்கூடும்.

கிளிநொச்சி: வாய்க்கால் போகிற பாதை

கிளிநொச்சிக்கு முதன்முறை வருகிறவருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. நகரம் என்று சொல்ல அங்கே நடுவிடம் ஒன்று இல்லை. ஏ9 வீதியின் இரண்டு பக்கமும் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து தெற்கே நீளமாகக் கடைகளும் வங்கிகளும் அலுவலகங்களும். கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பாலானவை 2009இல் போர் முடிந்த பிறகு கட்டியவை. மாவட்டமே 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. (பாராளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடுதான் வாக்களிக்கிறது. ஆனால் மண்ணாலும் குளத்தாலும் பேச்சாலும் இது வன்னிதான்.) பஸ்ஸால் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தவர், பார்க்க ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடலாம்.

ஏ9ஐ விட்டு விலகியவுடன் ஊர் திறக்கிறது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம்தான் இந்த ஊரின் காரணம். 1900களின் தொடக்கத்தில் வேலை தொடங்கி 1920களில் முடிந்த குளம். அதன் தண்ணீரை நம்பித்தான் உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் போன்ற குடியேற்றங்கள் உண்டாயின. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத குடும்பங்கள் வந்து காடு வெட்டி, வயலாக்கி, வீடு கட்டின. அதனால் இங்கே வீதியைப் பிடித்து ஊரை அறிய முடியாது. வாய்க்காலைப் பிடிக்க வேண்டும்.

கோடையில் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கும் சிறுபோக காலத்தில், காலை ஆறு மணிக்கு, வட்டக்கச்சிப் பக்கம் வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் முழங்கால் அளவு ஓடும் தண்ணீர், மறுபக்கம் வயல். உழவு மெஷினுக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்து போகும். தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கதவடியில் இரண்டு பெடியன்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். வரம்பில் மண்வெட்டியோடு நிற்கும் ஐயா உங்களைப் பார்த்தவுடன், "எவ்விடம் தம்பி?" என்பார். மலேசியா என்றோ மதுரை என்றோ சொன்னால் அதோடு விடமாட்டார். ஆரின்ரை வீட்டில் நிற்கிறியள், என்ன படிக்கிறியள், சாப்பாடு பிடிச்சிருக்கோ என்று கேட்டு, தன் தமையனின் மகனும் கனடாவில்தான் என்று சொல்லி, "வாங்கோ, வீடு கிட்டத்தான், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்பதில் வந்து நிற்பார். போங்கள். வன்னியில் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு இதைவிட முறையான வழி கிடையாது. அடுத்த கிழமை அதே வழியால் போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நீர்ப்பாசனமோ விவசாயமோ படிக்கிறவருக்கு இன்னொரு வாய்ப்பு. சிறுபோகம் தொடங்குமுன் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி முடிவெடுப்பார்கள். காரசாரமாக நடக்கும் கூட்டம் அது. உங்கள் பீடத்து ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி வைத்தால் பின்வரிசையில் இருந்து கேட்கலாம். நீர்ப் பங்கீடு பற்றி ஒரு செமஸ்டர் படிப்பதை அந்த ஓர் அரைநாளில் கேட்டுவிடலாம். மாரியில் குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் வான்கதவு திறந்தால் ஊரே குளத்தடிக்குப் போகும். பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னுமாக ஏற்றிக்கொண்டு, வான் பாய்வதைப் பார்க்க. கரையில் கனகாம்பிகை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். ஆனால் தண்ணீருக்குக் கிட்டப் போக வேண்டாம். 2018 டிசம்பரில் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்தையும் மூழ்கடித்தது. முதலையும் இந்தப் பக்கத்துக் குளங்களில் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் இறங்குகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

கிளிநொச்சியிலிருந்து வெளியே போகவும் நல்ல திசைகள் இருக்கின்றன. வடக்கே பரந்தன், ஆனையிறவு, பிறகு யாழ்ப்பாணம். மேற்கே பூநகரி: பழைய கோட்டை, கௌதாரிமுனை மணல்மேடுகள், மண்ணித்தலையில் சோழர் காலச் சிவன் கோயிலின் எச்சம். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் போகும் வீதி ஏ9ஐவிட எனக்குப் பிடித்தது. தெற்கே முறிகண்டி. எந்த வாகனமானாலும் அங்கே நிற்கும். இறங்கி, கால் முகம் கழுவி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) ஒரு சுருள் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். பஸ் கிளம்பினால் உள்ளே கச்சான் கோது உடைக்கிற சத்தம்தான். கிழக்கே பரந்தன் வீதியால் முல்லைத்தீவு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சியின் குறைகளும் சின்னவையல்ல. இரவில் போய் இருக்க இடம் குறைவு. எட்டரை, ஒன்பது மணிக்குக் கடைவீதி அடங்கிவிடும். வெயில் காலத்தில் நிழல் இல்லாத வீதிகள். வாடகை அறை வவுனியாவைப் போலச் சுலபமாகக் கிடைக்காது. தனியே வரும் பெண்பிள்ளைகள் ஒரு குடும்பத்தோடு தங்குவதே நல்லது. பயத்துக்காகச் சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மா கோயிலுக்கும் சந்தைக்கும் கலியாண வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவார். ஹொஸ்டலில் இருந்தால் அந்த வாசல் எதுவும் திறக்காது.

மாங்குளத்தில் தங்கினால் இரண்டுக்கும் நடுவில் இருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சந்திதான் நல்ல சந்தி. தங்குமிடமும் மாணவர் நடமாட்டமும் போதாது. முல்லைத்தீவு கடற்கரை அழகு, ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் போய்வர முடியாத தூரம். இரண்டையும் தங்கும் இடங்களாக எண்ண வேண்டாம்.

எதில் போவது

எங்கே தங்கினாலும் முதல் கிழமையே ஒரு சைக்கிள் வாங்குங்கள். பழையது போதும். திரும்பும்போது அடுத்த பட்ச் பிள்ளைக்கு விற்றுவிடலாம். வன்னி சமதரை. ஏற்ற இறக்கம் கிடையாது. சைக்கிளில் வருகிறவரை ஆரும் மறித்துப் பேசுவார்கள், நீங்களும் எங்கும் நிற்கலாம். கிளிநொச்சியில் இதன் பயன் முழுதாகக் கிடைக்கும். வவுனியாவில் குருமன்காட்டுச் சந்தியின் நெரிசலைக் கடந்த பிறகுதான் ஓடுவதில் சுகம் இருக்கும். எதிரி வெயில்தான். மே முதல் செப்ரெம்பர் வரை காலை ஒன்பதுக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள்.

தூரப் பயணத்துக்கு பஸ். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஏ9இல் நாள் முழுக்க ஓடும். உள்வீதிகளில் நிலைமை வேறு. பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வர ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆகவே போகும்போதே கொண்டக்டரிடம், "அண்ணை, கடைசி பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாவிட்டால் அவரிடமே சொல்லிவிடுங்கள். "பயப்பிடாமல் இருங்கோ தங்கச்சி, நான் சொல்லுறன்" என்பார். மறக்காமல் சொல்லவும் செய்வார். வவுனிக்குளத்தைப் பார்க்க வவுனியாவில் ஓட்டோ தேடுகிறவர்களும் உண்டு. அந்தக் குளம் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம், மாங்குளத்துக்கு மேற்கே. கேட்டுவிட்டு ஏறினால் ஒரு நாள் மிச்சம்.

ரெயினை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 1990இல் நின்றுபோன வடபகுதி ரெயின் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை ரெயினையே பார்க்காமல் பெரியவர்களானது. உங்களோடு படிக்கிறவர்களின் அண்ணன்மார் அக்காமார் அவர்கள்தான்.

மோட்டார் சைக்கிளை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெளிநாட்டு உரிமத்தை அப்படியே வைத்து ஓட முடியாது, இலங்கையில் செல்லுபடியாக ஒப்புதல் பெற வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் இரவு. வன்னி வீதிகளில் இரவானால் மாடுகள் தாரில் வந்து படுத்துவிடும், தார் சூடாக இருப்பதால். வவுனியா வடக்கிலும் ஒட்டுசுட்டான் பக்கமும் யானை வீதியைக் கடக்கும். வெளிச்சத்துக்குள் அறைக்கு வந்துவிடுவதென்ற ஒழுங்கு உள்ளூர்க்காரருக்கே உண்டு. நாலு பேர் சேர்ந்தால் ஓட்டோவோ வானோ பிடிக்கலாம். புறப்படுமுன் காசைப் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எதில் போனாலும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. கண்ணிவெடித் தடை உடன்பாட்டில் இலங்கை 2017இல் இணைந்தது. அகற்றும் வேலை பெருமளவு முடிந்திருக்கிறது, முழுதாக முடியவில்லை. குறுக்குப்பாதை, ஆளில்லாத காணி, பற்றைக்குள் ஒரு படம் எடுக்கும் ஆசை, மூன்றையும் விட்டுவிடுங்கள். இராணுவ முகாம்களையும் படம் எடுக்க வேண்டாம்.

முல்லைத்தீவு வீதி

பரந்தனிலிருந்து கிழக்கே போகும் வீதியில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம், முல்லைத்தீவு என்று ஊர்கள் வரிசையாக வரும். போரின் கடைசிக் கட்டத்தில், 2009இன் முதல் மாதங்களில், வன்னிச் சனம் இந்த வரிசையிலேயே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனது. முடிவில் மே மாதம் நந்திக்கடலோரத்தில் மிஞ்சியவர்கள் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வெளியே வந்தார்கள். பிறகு பல லட்சம் பேர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டார்கள். உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் அப்போது சின்னப் பிள்ளையாக அந்தப் பாலத்தைக் கடந்தவராக இருக்கலாம்.

இந்த வீதியில் எப்படிப் போவது என்பதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் சமமல்ல. வான் பிடித்து ஒரு நாளில் எல்லாவற்றையும் 'பார்த்து' வருவது ஒன்று. அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அந்த மண்ணில் ஆட்கள் வாழ்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுகிறார்கள். அவர்கள் வாசலில் வானை நிறுத்திப் படம் எடுப்பது அழகல்ல. மற்றது, உங்களோடு படிக்கும் ஒருவர் தன் வீட்டுக்குக் கூப்பிடும்வரை காத்திருப்பது. செமஸ்டர் நடுவில் எப்படியும் ஒருவர் கூப்பிடுவார். அப்படிப் போனால் இரவு அங்கேயே தங்குவீர்கள். விடிய மீன் ஏலம் போவதைப் பார்ப்பீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு அவர்களே கூட்டிக்கொண்டு போவார்கள். போர்க் கதையை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. சொல்ல மனம் வந்தால் அவர்களே சொல்வார்கள், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்காமல் இருந்தால் போதும்.

மே மாதம் இங்கே இருந்தால் 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடக்கும். அந்தக் கிழமை முழுக்க ஊரூராகக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். கடைசி நாட்களில் சனம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கஞ்சியால். தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள். நினைவேந்தலுக்கு ஊர்க்காரரோடு மட்டும் போங்கள், பின்னால் நில்லுங்கள்.

அதே பருவத்தில்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலும் வரும். கடல்நீரில் விளக்கெரிப்பது இந்தக் கோயிலின் மரபு. வடக்கின் எல்லா மூலையிலிருந்தும் காவடியோடும் பாற்செம்போடும் சனம் வந்து நந்திக்கடல் கரையில் இரவு முழுக்க இருக்கும். வன்னியில் ஒரே ஒரு இரவைத்தான் விழித்திருந்து பார்க்க முடியும் என்றால் அந்த இரவைத் தேர்ந்தெடுங்கள். வரலாற்றுப் பிள்ளைகள் போகிற வழியில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவிலும் இறங்கலாம். 1803 ஒக்ரோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதற்கு நட்ட கல் அங்கே இருக்கிறது. தோற்கடித்தவர்கள் நட்ட கல்லை வைத்துத் தோற்றவரை நினைக்கிற இடம் அது.

முல்லைத்தீவுக்குப் போக வவுனியாவிலிருந்தும் மாங்குளம் வழியாக பஸ் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்குப் போய்வரும் உறவு கிளிநொச்சியில் இருப்பவருக்குச் சுலபமாக அமையும். அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகள் பலவும் அந்த வீதியில்தான் இருக்கின்றன.

எந்த மாதம்

ஜனவரி, பெப்ரவரியில் வருகிறவர் கொடுத்துவைத்தவர். மாரி ஓய்ந்து, குளமெல்லாம் நிறைந்து, மழையை நம்பி விதைத்த காலபோக நெல் முற்றி அறுவடை நடக்கும். எங்கே தங்கினாலும் சைக்கிள் ஓடலாம். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், கிளிநொச்சிக்குப் பக்கம். மே தொடக்கம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றும் புழுதியும் வெக்கையும், கூடவே வீதியோரம் பாலைப்பழமும். வாயில் பால் ஒட்டும், அதற்காக விட்டுவிடாதீர்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் வருகிறவராக இருந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்: வவுனியாவில் தங்குங்கள். வயல் வீதிகள் சேறாகிவிடும், உள்ளூர் பஸ் தடைப்படும், கிளிநொச்சியின் பலமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். வவுனியாவிலிருந்து பெருவீதிகளால் வெளியே போய்வர முடியும்.

உடம்பு அடிக்கடி வைத்தியம் கேட்கிறவரும், வாரம் ஒருமுறை கொழும்புக்குப் போக வேண்டியவரும் வவுனியாவையே எடுக்கலாம். தமிழே தெரியாதவர் முதல் இரண்டு மாதம் வவுனியாவில் இருந்துவிட்டுப் பிறகு கிளிநொச்சிக்கு வருவது நல்லது. தமிழ் தெரிந்தவருக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை.

பம்பைமடுவில் இடம் கிடைத்து, மாற்ற வழியில்லாதவர்கள் முதல் மாதம் கம்பஸ் பக்கத்திலேயே இருங்கள், நட்பு அங்கேதான் கிடைக்கும். பிறகு நகரத்தில் அறை தேடுவதா என்று பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது, அடுத்த முறை நானும் வரலாமா என்று நீங்களே கேளுங்கள். வெறுங்கையோடு போகாமல், வவுனியாச் சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.